ஊசியின் அளவு குறைந்தால் நோய் போய்விட்டதா?

நலக்கல்வி: இந்த மாதப் பாடம்
(ஊக்குநர் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும். நீளமாக இருந்தால் இரண்டு கூட்டங்களில் பிரித்துப் படிக்கலாம். கடைசியில் உள்ள கேள்விகளை மட்டும் விட்டுவிட வேண்டாம்.)



சர்க்கரை நோய் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மாமியார், மாமனார், அப்பா, அம்மா. "வயசானா வர்றதுதானே" என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வருகிறது. அது வேறு வகை. அந்தப் பிள்ளைகளுக்கு மாத்திரை போதாது, முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசிதான் மருந்து. இப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகம் உள்ள நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று.

இந்த மாதம் அந்த நோயின் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் சர்க்கரை தானாக இறங்கி, ஊசியின் அளவும் குறைந்து, "நோய் சரியாகிவிட்டது" என்று தோன்ற வைக்கும் கட்டம் அது. அந்தச் சில மாதங்களில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. எங்கள் கண் முன்னால் ஒரு குடும்பம் ஏமாந்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் சேர்ந்துதான் ஏமாந்தோம்.

நடந்தது என்ன?

எங்கள் கூட்டமைப்பில் ஒரு குழு உறுப்பினர். பெயர் வேண்டாம் என்று சொன்னார். "நடந்ததை மட்டும் எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். அதனால் ஊரையும் எழுதவில்லை.

அவருடைய மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. தை மாதத்தில் பிள்ளை மெலிய ஆரம்பித்தாள். பொங்கலுக்கு எடுத்த பாவாடை மாசிக்குள் இடுப்பில் நிற்கவில்லை. ராத்திரியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். நாலு வருடத்துக்கு முன்பே நின்றுபோன பழக்கம், படுக்கையில் ஒண்ணுக்குப் போவது, திரும்ப வந்தது. அம்மா "சூடு" என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். வகுப்பு டீச்சர்தான், "பிள்ளை அடிக்கடி வெளியே போயிட்டு வர்றா, சோர்ந்து சோர்ந்து படுக்குறா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 420. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 24 யூனிட் இன்சுலின். அம்மா ஊசி போடக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் அம்மாவும் அழுதார், மகளும் அழுதாள். பிறகு பழகிவிட்டது.

ஆறு வாரம் போனது. பிள்ளைக்கு அடிக்கடி சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் ஊசியை 14 யூனிட்டாகக் குறைத்தார். அடுத்த முறை போனபோது 8 யூனிட். பிள்ளை சதை போட்டுவிட்டாள், ஓடி விளையாடுகிறாள். குழுக் கூட்டத்தில் அந்த அக்கா சொன்னார்: "24 யூனிட் போட்டது இப்ப 8தான் மேடம். டாக்டரே குறைச்சுக்கிட்டு வர்றாரு. இன்னும் ரெண்டு மாசத்துல ஊசியே வேணாம்னு சொல்லிருவாரு பாருங்க." எல்லோரும் கைதட்டினோம். நாங்களும் தட்டினோம்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒருவர், "ஒரு மண்டலம் கஷாயமும் பொடியும் சாப்பிட்டால் சர்க்கரை அடியோடு போய்விடும். ஆனால் ஊசியை நிறுத்தினால்தான் மருந்து பிடிக்கும்" என்றார். செலவு 6,000 ரூபாய். குழுவில் கடன் கேட்டார், கொடுத்தார்கள். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதியிருந்தது. அந்த மாதம் கணக்கு சரிபார்த்த நாங்களும் அந்த வரியைப் பார்த்து டிக் போட்டோம். எந்த மருத்துவம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊசியை நிறுத்தினார்கள். முதல் வாரம் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். "பாத்தீங்களா, ஊசி இல்லாமலே இருக்கா" என்று தெருவே பேசியது. அளக்கிற மெஷினையும் எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு சளிக் காய்ச்சல். அடுத்த நாள் வாந்தி, வயிற்று வலி. "சாப்பாடு ஒத்துக்கல" என்று நினைத்தார்கள். அன்று ராத்திரி பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தாள். வாயில் பழம் அழுகியது போல ஒரு வாசனை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். 108 வண்டியில் ஏற்றினார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அக்கா எங்களிடம் சொன்னதைக் கேளுங்கள். "டாக்டர் அப்பவே சொன்னாரு மேடம். 'இது ஹனிமூன் டைம், ஊசிய விட்றாதீங்க'ன்னாரு. ஒம்போது வயசுப் புள்ளைக்கு என்னடா ஹனிமூனுன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. நர்ஸ் பொண்ணு வேற சிரிச்சுது. நான் மறுவார்த்தை கேக்காம வந்துட்டேன்."

கேட்காமல் வந்த அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம்.

அது என்ன ஹனிமூன் காலம்?

டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அது. தமிழில் தேனிலவுக் காலம். கல்யாணமான புதிதில் எல்லாம் இனிப்பாக இருக்கும், நிஜமான குடும்ப பாரம் பிறகுதான் தெரியும் இல்லையா? அதனால் வந்த பெயர். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெயரை விட்டுவிடுங்கள், விஷயத்தைப் பார்ப்போம்.

நம் வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள ஒரு வகைச் செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்புக்குள் போய்ச் சக்தியாக மாற இன்சுலின் வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் டைப் 1 என்ற வகையில், நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய் அந்தச் செல்களை அழிக்கிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வந்தது அல்ல. அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. யாருடைய கண்ணும் பட்டு வந்ததும் அல்ல.

இதை நம் நடவு வேலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வயலை நட 20 பேர் வேண்டும். 20 பேர் இருந்தார்கள். ஒருவன் வந்து அவர்களை ஒவ்வொருவராக விரட்டிக்கொண்டே இருக்கிறான். 8 பேர்தான் மிச்சம். அந்த 8 பேரும் 20 பேர் வேலையை இழுத்துப் போட்டுச் செய்து, முடியாமல் வரப்பில் விழுந்துவிடுகிறார்கள். வேலை அப்படியே நின்றுபோகிறது. பிள்ளைக்கு நோய் தெரியவருவது இந்த நாளில்தான்.

இப்போது வெளியூரிலிருந்து 20 ஆள் கொண்டுவருகிறோம். அதுதான் இன்சுலின் ஊசி. வேலை நடக்கிறது. வரப்பில் விழுந்த 8 பேருக்கும் ஓய்வு கிடைக்கிறது. சில வாரத்தில் அவர்கள் தெம்பாகி எழுந்து வந்து தாங்களும் நடுகிறார்கள். இனி வெளியாள் 20 பேர் வேண்டாம், 12 பேர் போதும். ஊசியின் அளவு குறைவது இதனால்தான். இதுதான் ஹனிமூன் காலம்.

ஆனால் விரட்டுகிறவன் போய்விடவில்லை. அவன் வரப்பிலேயே நிற்கிறான். 8 பேர் 6 ஆவார்கள், 3 ஆவார்கள். பிள்ளையும் வளர்கிறாள், அதாவது வயலும் பெரிதாகிறது. மறுபடியும் வெளியாள் அதிகம் தேவைப்படும். ஊசியின் அளவு ஏறும்.

இப்போது சொல்லுங்கள். 8 பேர் எழுந்து நட ஆரம்பித்த அன்றைக்கே, "இனி வெளியாளே வேண்டாம்" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? நான்கைந்து நாள் வேலை நடக்கிற மாதிரி தெரியும். அப்புறம் 8 பேரும் விழுந்துவிடுவார்கள். நம் பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

எப்போது வரும்? எவ்வளவு நாள் இருக்கும்?

பெரும்பாலும் ஊசி ஆரம்பித்த சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு மாதம்தான் இருக்கும். பலருக்குப் பல மாதங்கள், ஒரு வருடம் வரைகூட நீடிக்கும். அரிதாக அதற்கு மேலும் போகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கும், நோய் முற்றி மயக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் இது வருவது குறைவு. வரவில்லை என்றால் கவனிப்பில் குறை என்று அர்த்தம் இல்லை.

டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவான இன்சுலினில், மூன்று மாத சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ.ஒன்.சி. என்ற பரிசோதனை) 7க்குக் கீழே இருந்தால் ஹனிமூன் காலம் என்று எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைக்கு எடை 22 கிலோ, ஊசி 8 யூனிட். 22இல் பாதி 11. எட்டு அதற்குக் கீழே. கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். அதாவது, புத்தகத்தில் உள்ளபடிதான் நடந்திருக்கிறது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

போலி மருந்து ஏன் "பலிக்கிறது"?

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "சர்க்கரையை அடியோடு ஒழிக்கிறேன்" என்று சொல்கிறவருக்கு இந்தச் சில மாதங்கள்தான் அறுவடைக் காலம். சர்க்கரை தானாக இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொடி கொடுத்தால் பேர் பொடிக்கு. தாயத்து கட்டினால் பேர் தாயத்துக்கு. நேர்த்திக்கடன் வைத்தால் பேர் சாமிக்கு. சாமி கும்பிடுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து ஊசியைப் போடுங்கள்.

இன்சுலின் இல்லாத காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? பட்டினி போட்டுச் சில மாதங்களைத் தள்ளுவதுதான் வைத்தியமாக இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு வருடத்துக்குள் இறந்தார்கள். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் போடப்பட்டது. சாகக் கிடந்த பையன் அதன் பிறகு 13 வருடம் வாழ்ந்தான். பான்டிங் பிறந்த நவம்பர் 14தான் இன்று உலக நீரிழிவு நாள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினுக்கு மாற்றாக ஒரு பொடியும் வரவில்லை, ஒரு கஷாயமும் வரவில்லை.

"ஆனா எங்க மாமாவுக்கு மாத்திரையே நின்னுபோச்சே?"

நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு வரும் டைப் 2 வேறு. அதில் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, உடம்புதான் அதைச் சரியாக ஏற்பதில்லை. நோய் வந்த முதல் சில வருடங்களில் உடல் எடையை நன்றாகக் குறைத்தால் சிலருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை சரியான அளவில் நிற்கும். மாத்திரை இல்லாமல் மூன்று மாதத்துக்குக் குறையாமல், சராசரி சர்க்கரை 6.5க்குக் கீழே இருந்தால் அதைத் தணிவு நிலை என்கிறார்கள். அதுவும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. எடை கூடினால் நோய் திரும்ப வரும், அதனால் வருடா வருடம் பரிசோதனை தேவை.

மாமாவுக்கு நடந்ததைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. "எந்த வகை சர்க்கரை?" என்று முதலில் கேளுங்கள். டைப் 1 என்றால் ஊசி நிற்காது. அளவு கூடும், குறையும், ஆனால் நிற்காது.

ஹனிமூன் காலத்தில் அம்மா செய்ய வேண்டியவை

1. ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2 யூனிட்டே ஆனாலும் அது வேண்டும். அந்தச் சின்ன அளவு மிச்சமுள்ள செல்களுக்கு ஓய்வு கொடுக்கிறது. சொந்தச் சுரப்பு எவ்வளவு நாள் மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சுலபம்.

2. அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் சொல்லித்தான். ஆனால் அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். உடனே போய்ச் சொல்லுங்கள்.

3. தாழ்சர்க்கரை என்றால் 70க்குக் கீழே. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சுக் குழறல். உடனே 2 அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

4. காய்ச்சல், வாந்தி வந்த நாளில்தான் அதிக கவனம். "சாப்பிடவே இல்லையே, எதுக்கு ஊசி?" என்று நிறுத்துவது பெரிய தவறு. காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை கூடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை, தூக்கக் கலக்கம் இவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். "சர்க்கரை உள்ள பிள்ளை, கீட்டோன் பாருங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

5. பாட்டிலும் சிரிஞ்சும் ஜோடி பார்த்து வாங்குங்கள். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் 40 என்றும் வருகிறது, 100 என்றும் வருகிறது. 40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மூடியின் நிறத்தோடு, எழுதியிருக்கும் எண்ணையும் பாருங்கள். மாற்றிப் போட்டால் 8 யூனிட் என்று நினைத்து 20 யூனிட் போட்டுவிடுவோம். குறைந்த அளவில் இருக்கும் பிள்ளைக்கு இது உயிர் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் குழுவில் படித்த ஒருவர் கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

6. இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்பானையில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானையை வைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து மூடிவிடுங்கள். காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும். மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலை நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். திறந்த தேதியை அட்டையில் எழுதி வையுங்கள்.

7. ஒரு நோட்டுப் போடுங்கள். சேமிப்புக்குப் பாஸ் புத்தகம் இருப்பது போல, சர்க்கரைக்கும் ஒன்று. தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட யூனிட். டாக்டர் இதைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார்.

8. புரியாததை வெட்கப்படாமல் கேளுங்கள். "டாக்டர், அது என்னன்னு தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை. முடிந்தால் துணைக்கு இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். இரண்டு காது கேட்பதை விட நான்கு காது கேட்பது நல்லது.

சர்க்கரை மறுபடி ஏறும்போது

ஹனிமூன் காலம் ஒரு நாள் முடியும். சர்க்கரை மெல்ல மெல்ல ஏறும், சிலருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சட்டென்று ஏறும். அப்போது அம்மாக்கள் அழுவதைப் பார்க்கிறோம். "சித்திரையில ஒரு மாம்பழம் குடுத்துட்டேன், அதான்." "கல்யாண வீட்டுல பாயசம் குடிச்சிட்டா, நான் பாக்கல." வீட்டில் உள்ளவர்களும் அம்மாவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். "ஒழுங்கா கவனிச்சிருந்தா 8 யூனிட்டுலயே நின்னிருக்கும்" என்கிறார்கள்.

சகோதரிகளே, இதைக் குழுவில் சத்தமாக வாசியுங்கள். ஊசியின் அளவு குறைந்தது யாருடைய சாமர்த்தியமும் அல்ல. அளவு திரும்ப ஏறியது எந்த அம்மாவின் தவறும் அல்ல. அந்தச் செல்கள் குறைந்துவிட்டன, பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்டினால் பிள்ளை முன் போலவே படிப்பாள், விளையாடுவாள்.

இன்னொரு விஷயமும் பேச வேண்டும். அந்த அக்கா ஊசியை நிறுத்தியதற்குப் பொடி மட்டும் காரணம் இல்லை. "பொட்டப் புள்ள. ஊசி போடுறவன்னு ஊர்ல தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" என்ற பயமும் இருந்தது. மாமியாரும் அதையே சொன்னார். நமக்கு அந்தப் பயம் புரியாமல் இல்லை. ஆனால் டைப் 1 உள்ள பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, டாக்டர் கண்காணிப்பில் ஆரோக்கியமான குழந்தையும் பெறுகிறார்கள். கல்யாணப் பேச்சு வர இன்னும் 10 வருடம் இருக்கிறது. அதற்குப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மறைக்கவே கூடாது. நம் பிள்ளையின் நோயை முதலில் கவனித்ததே டீச்சர்தான். வகுப்பு டீச்சருக்கும் தலைமை ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக அனுமதி வேண்டும். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் கூட்டமைப்பில் உட்கார்ந்து பேசினோம். முதலில் நாங்கள் எங்கள் தவறை ஒப்புக்கொண்டோம். 6,000 ரூபாய் கொடுத்த நாங்கள் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு நான்கு முடிவுகள் எடுத்தோம். உங்கள் குழுவுக்கும் பொருந்தினால் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, மருத்துவக் கடன் கேட்கும்போது "எந்த ஆஸ்பத்திரி, என்ன சிகிச்சை?" என்று அன்போடு கேட்பது. ஏற்கெனவே போடுகிற ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் வைத்தியத்துக்குக் கடன் இல்லை.

இரண்டு, இன்சுலின், சிரிஞ்ச், அளக்கும் பட்டை வாங்கவும், அவசரப் பயணத்துக்கும் மாதக் கூட்டம் வரை காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து உடனே பணம் கொடுப்பது. அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மருந்தை முதலில் அங்கே கேட்டு வாங்க உதவுவது.

மூன்று, அந்த அம்மாவைத் தவிர குழுவில் இன்னும் இரண்டு பேர் ஊசி போடவும் அளக்கவும் கற்றுக்கொள்வது. அம்மாவுக்கே காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு யார் ஊசி போடுவார்கள்?

நான்கு, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் மெலிவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, இந்த நான்கில் எது இருந்தாலும் பிள்ளையை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் சர்க்கரை அளப்பது. விரலில் ஒரு குத்து, ஒரு நிமிட வேலை.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. இன்சுலின் அளவு குறைந்தவுடன் ஊசியை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏன்? பிறகு ஏன் ஆனது?
2. டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.
3. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை. ஊசி போடலாமா, வேண்டாமா?
4. நம் ஊரில் ஊசி போடும் பிள்ளை இருக்கிறதா? அந்த அம்மாவுக்கு நம் குழு இதுவரை என்ன செய்திருக்கிறது?

அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள், அம்மா பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஹனிமூன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு 30 யூனிட். போன மாதக் கூட்டத்தில் அம்மா அந்த எண்ணைச் சொன்னபோது குரல் தாழவில்லை. இந்த முறையும் கைதட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டினோம்.

அந்த 6,000 ரூபாய்க் கடனில் கடைசித் தவணை இந்த மாதம் கட்டி முடிக்கிறார்.